கிணற்றுத் தண்ணீரில் நனைத்த உறை

தோல் கைக்கு வந்ததும் அதன் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "தாத்தாவுக்குக் காலைச் சாப்பாடு பத்தல போல" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் புதன்கிழமைதோறும் பட்டறைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என் முதலாளி மிக்கேல் அண்ணாச்சியின் மகள் ஸ்டெல்லாதான் இப்போது பட்டறையை நடத்துகிறாள். போன மாதம் தோல் நனைக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை மாட்டினாள்.

"மாமா, இனிமே நீங்க தோல நக்கிப் பாக்க வேண்டாம். ஆனா அது ஏன்னு இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு தடவ எழுதிக் குடுத்துருங்க" என்றாள்.

"எழுதுனா உங்க அப்பா பேரும் அதுல வரும்மா."

"வரட்டும். அப்பா இருந்தா அவரே எழுதச் சொல்லிருப்பாரு."

அதனால் எழுதுகிறேன். இதில் வரும் அரசு அலுவலகம் எது என்று மட்டும் சொல்லமாட்டேன். துப்பாக்கி வைத்துக்கொண்டு கடற்கரையில் ரோந்து போகிறவர்களின் அலுவலகம் என்பது போதும். அவர்கள் மேல் பிழையில்லை. பிழை எங்கள் பட்டறையில் நடந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், என் கையால் நடந்தது.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டில் எல்லாரும் சாக்பீஸ் பிடித்த கைகள். என்னைக் கணக்குப் பாடம் கைவிட்டதால் தொழிற்பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே இரண்டு வருஷம் செருப்பும் பையும் பைபிளுக்கு உறையும் தைத்தேன். பிறகு தூத்துக்குடிக்கு வந்து, துப்பாக்கிக்கு உறை தைக்கிறேன் என்று சொன்னபோது அப்பா நான் தைத்த பைபிள் உறையைத் தடவிப் பார்த்தார். "சரி, ரெண்டும் உறதான்" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகம் வந்த புதிது. கடலுக்கும் உப்பளத்துக்கும் இடையில் ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம்தான் பட்டறை. நாங்கள் நான்கு பேர் தைத்தோம். பெல்ட், தோளில் போடும் குறுக்குப் பட்டை, ரிவால்வர் உறை இவைதான் வேலை. மிக்கேல் அண்ணாச்சி தோணிகளுக்குப் பாய் தைத்த குடும்பத்தில் வந்தவர். தோணிகளில் மோட்டார் ஏறத் தொடங்கியதும், இனிப் பாயை நம்பிப் புண்ணியமில்லை என்று தோலுக்கு மாறினார். தடித்த ஊசியைத் தள்ளித் தள்ளி உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வேலை பிடிக்காவிட்டால் அந்தச் சாமானை நம் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கவிழ்ந்து கிடந்தால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தை என்று அர்த்தம். என் முதல் ஆறு மாதத்தில் என் மடியில் கவிழாத நாளே குறைவு.

ரிவால்வர் உறை பார்க்கச் சின்னது, வேலை பெரிது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் திண்டுக்கல்லிலிருந்து வரும். அதில் முதுகுப் பக்கத்தை மட்டும் எடுப்போம்; வயிற்றுப் பக்கம் நாளடைவில் தொய்ந்துவிடும். துப்பாக்கியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போக யாருக்கும் அனுமதி கிடையாது. அதனால் அதற்கு உரியவர் எதிரே உட்கார்ந்திருக்க, அளவெடுத்து, பூவரச மரத்தில் அச்சு அசலாக ஒரு கட்டை செதுக்கிக்கொள்வோம். தையலுக்கு ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். அப்போதுதான் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிரியாது.

தைத்து முடித்த உறையைத் தண்ணீரில் முக்கினால் தோலுக்குள் இருக்கும் காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். குமிழி நின்றதும் எடுத்து, கொஞ்சம் ஈரம் வடியவிட்டு, மரக்கட்டையை உள்ளே செருகி, வழவழப்பான எலும்புத் துண்டால் தேய்த்துத் தேய்த்துத் துப்பாக்கியின் வடிவத்தைத் தோலில் எழுப்ப வேண்டும். பிறகு இரண்டு நாள் நிழலில் காயப்போட வேண்டும். காய்ந்த பிறகு ஓரங்களுக்குப் புளியங்கொட்டைப் பசை தடவித் துணியால் தேய்ப்பது, சாயம், தேன்மெழுகு, கடைசியாக மூடியைப் பூட்டும் பித்தளைக் குமிழ். பெல்ட்டுக்கு வேறு கதை. கல்லைக் கட்டி உத்தரத்தில் ஒரு நாள் தொங்கவிடுவோம். நீளுகிற நீளம் பட்டறையிலேயே நீண்டுவிட்டால் இடுப்புக்குப் போன பிறகு தொங்காது.

உறை முடிந்ததும் அண்ணாச்சியிடம் போகும். கட்டையை உள்ளே வைத்துக் குமிழைப் பூட்டுவார். தலைகீழாகப் பிடித்து மூன்று தடவை உதறுவார். பூட்டைத் திறந்து மறுபடி தலைகீழாகப் பிடிப்பார். அப்போதும் கட்டை தானாக விழக்கூடாது. பிறகு ஒரு கையால் உருவிப் பார்ப்பார். மூடியின் உள்பக்கத்தைத் திருப்பித் தைத்தவனின் அடையாளத்தைத் தேடுவார். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் உண்டு. என்னுடையது மூன்று புள்ளி. அதைப் பார்த்துவிட்டு முகத்தை நிமிர்த்தாமல் ஒரே ஒரு சொல் கேட்பார்.

"தண்ணி?"

"நல்ல தண்ணி, அண்ணாச்சி."

அவ்வளவுதான். பட்டறை முத்திரையை எடுத்துக் குத்துவார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் கொல்லையில் இருந்த கிணறு. உப்பளத்துப் பக்கத்துக் கிணறு. தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கை கழுவவும் தரை கழுவவும்தான் அது. தோலை ஆற்றுத் தண்ணீரில்தான் நனைக்க வேண்டும். அது குழாயில் வரும் நாளில் பிடித்துத் தொட்டியில் ஊற்றிப் பலகை போட்டு மூடி வைப்போம். உப்பு ஒருமுறை தோலுக்குள் போய்விட்டால் லேசில் போகாது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து வைத்துக்கொள்ளும். செருப்பென்றால் பாதகமில்லை. உறைக்குள் இருப்பது இரும்பு.

அந்த அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு உறைகள் கேட்டிருந்தார்கள். அளவெடுக்கத் துப்பாக்கியோடு வந்தவர் ஏரல்காரர், சுடலைமுத்து சார். ஒல்லியான மனிதர். நாங்கள் தொட்டு அளவெடுத்துத் திருப்பிக் கொடுத்ததும் தன் கைக்குட்டையால் துப்பாக்கியை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் இடுப்பில் வைத்தார். எங்கள் கை அழுக்கென்று நினைக்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் அதைப் புரிந்துகொண்டார். "தப்பா நெனைக்காதிய தம்பி. கை வேர்வ பட்டா துரு புடிச்சிரும். இது உப்புக் காத்து ஊருல்லா" என்றார்.

பத்து உறை முடிந்தது. கடைசி இரண்டு மட்டும் என் பங்கு. ஒரு சனிக்கிழமை காலை தைத்து முடித்தேன். நனைத்துக் கட்டையில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. குழாயில் நான்கைந்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. தொட்டியைத் திறந்தால் அடியில் சேறு. அண்ணாச்சி தருவைகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து சாத்தான்குளம் பஸ்ஸின் கண்டக்டர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: ஊரில் என் மனைவிக்குப் பெண் பிறந்திருக்கிறது, முதல் குழந்தை. அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. அடுத்த தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் வரிசை தெருமுனை வரை நின்றது. குடத்தோடு போய் நின்றிருந்தால் பஸ்ஸை விட்டிருப்பேன். மாலை பஸ்ஸில் போயிருக்கலாம். பிள்ளை ஒன்றும் ஓடிப்போய்விடாது. ஆனால் அன்று எனக்கு அந்தப் புத்தி இல்லை.

கிணற்றில் வாளியை விட்டேன். இரண்டு வாளி. எப்படியும் காயத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மகளின் முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். இரண்டு உறைகளும் அழகாகக் காய்ந்திருந்தன. மடிப்பு ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை பூத்திருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். ஈரத்துணியால் துடைத்தேன், சாயம் போட்டு மெழுகு ஏற்றியதும் மறைந்துவிட்டது. அண்ணாச்சி மூன்று தடவை உதறினார், உருவினார், மூன்று புள்ளியைப் பார்த்தார்.

"தண்ணி?"

"நல்ல தண்ணி, அண்ணாச்சி."

முத்திரை விழுந்தது.

எட்டு மாதம் கழித்து, ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் முடிந்த பிறகு, சுடலைமுத்து சார் ஒரு காலையில் வேட்டி கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். சீருடை இல்லாமல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, என்னைய சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

நடந்தது இதுதான். அவருடைய அம்மா இறந்து ஏரலுக்குப் போக இருபது நாள் லீவு எடுத்திருக்கிறார். துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உறையில் வைத்துப் பூட்டி, அலுவலகத்து ஆயுதப் பெட்டியில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்த வாரம் மேலதிகாரி சோதனை போட்டிருக்கிறார். உறையிலிருந்து துப்பாக்கி வரவில்லை. இழுத்து எடுத்தால் குழல் முழுக்கத் துரு. தோட்டா வைக்கும் உருளை சுற்றவே இல்லை. துருவின் மேலே உப்பு.

"கடத் தண்ணி பட்டிருக்குங்காங்க. நீ எவன் வள்ளத்துல ஏறிப் போன, அக்கரைக்காரன் கடத்தல் சரக்குக்கு எத்தன நாளா காவல் நிக்கன்னு கேக்காங்க. நான் கடல்ல முட்டளவு எறங்குனாக்கூட இத தலைக்கு மேல தூக்கிப் புடிக்கிறவன் அண்ணாச்சி. ஏரல் பூரா பேச்சாயிட்டு. மகளுக்கு ஒரு இடம் பேசி முடிச்சி வச்சிருக்கேன்." பிறகு கேட்டார்: "தோலே துரு புடிக்க வைக்குமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க தோல்ல அது வராது சார். நாங்க நல்ல தண்ணி இல்லாம நனைக்கது கெடையாது. அத நான் சத்தியமாச் சொல்லுவேன்."

சுடலைமுத்து சார் தலையை ஆட்டினார். அவருக்கு இருந்த ஒரே வழியையும் அண்ணாச்சி நேர்மையாக அடைத்துவிட்டார். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து நூலுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தேன். என் வாய் திறக்கவில்லை. அவர் எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எனக்கும் போட்டார்.

ஆறு நாள் சும்மா இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆறு நாள்தான். ஒருவேளை அவர் உண்மையிலேயே வள்ளத்தில் போயிருக்கலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். சொன்னால் பட்டறைக்கு அரசு வேலையே வராது, நான்கு குடும்பம் கெடும் என்று ஒரு நாள் நினைத்தேன். எல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் எனக்குச் சொன்ன சாக்கு. ஏழாம் நாள் மாலை அண்ணாச்சி பெல்ட்டுகளை உத்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டே யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "சுடலமுத்து சார் மகளுக்குப் பேசுன எடம் வேண்டாம்னுட்டானுவளாம். பாவம், அந்தப் புள்ள என்ன செஞ்சிது."

மற்றவர்கள் கிளம்பும் வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். கிணறு, இரண்டு வாளி, வெள்ளை, ஈரத்துணி, எல்லாவற்றையும். அண்ணாச்சி கையில், பெல்ட்டில் கட்ட எடுத்த கல் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் கேட்டேன்லா" என்றார். "கேட்டேன்லாலே ஞானம்."

"கேட்டிய அண்ணாச்சி."

அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

"உங்க சபையில சாமியார்ட்ட போயி பாவத்தச் சொல்லுத பாவசங்கீர்த்தனம் கெடையாது. எங்க கத்தோலிக்கக் கோயில்ல உண்டு. ஆனா நான் சாமியார் இல்ல. எங்கிட்ட சொல்லி ஒனக்குப் பிரயோசனம் இல்ல. சொல்ல வேண்டிய எடத்துல நாளைக்குப் போயிச் சொல்லு. நானும் வாரேன்."

மறுநாள் பத்து மணிக்கு அந்த அலுவலகத்தில் நின்றோம். மேலதிகாரி மெட்ராஸ் பக்கத்துக்காரர். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். நம்பவில்லை. "அவர் அனுப்பித்தானே வந்திருக்கீங்க? நீங்க சொல்றதுக்கு என்ன ப்ரூஃப்?" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

வழியெல்லாம் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். "சார், அன்னைக்குக் கெணத்துத் தண்ணியில நனைச்சது ரெண்டு உறை. ஒண்ணுதான் அவருக்கு வந்திருக்கு. இன்னொண்ணு யாருகிட்டயாவது இருக்கும். மூடிக்கு உள்பக்கம் மூணு புள்ளி இருக்கும், பாருங்க."

ஸ்டோர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டில் ஒன்பதுதான் ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது; மூன்று அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. கட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். இரண்டு உறைகள் நேற்றுத் தைத்தவைபோல இருந்தன. மூன்றாவதின் மடிப்பில் வெள்ளை பூத்து, பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தது. குமாஸ்தா மூடியைத் திருப்பினார். மூன்று புள்ளி.

"இது இந்த அறைய விட்டு வெளியே போனதே இல்ல சார். இதுக்கு எந்தக் கடல்?" என்றார் அண்ணாச்சி. சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து, அனுமதி கேட்டு, அந்த உறையின் ஓரத்தில் ஒரு நறுக்கு வெட்டித் தன் நாக்கில் வைத்தார். இன்னொரு நறுக்கை என்னிடம் நீட்டினார். வைத்தேன். உப்பளத்துக் கரையில் விழுந்து வாயில் மண் போனதுபோலக் கரித்தது. மற்ற உறையில் வெட்டிய நறுக்கில் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு மட்டும்தான் இருந்தது.

மேலதிகாரி மாட்டுத்தோலை வாயில் வைக்கிற மனிதர் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்த இரண்டு உறைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு விரலை நனைத்து, வெள்ளை பூத்த இடத்தில் தேய்த்து, விரல் நுனியை நாக்கில் வைத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக் கொடுங்க. கையெழுத்து ரெண்டு பேரும் போடணும்" என்றார்.

சுடலைமுத்து சாருக்கு வேலை திரும்பக் கிடைக்க இரண்டு மாதம் பிடித்தது. அந்த அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வரும் வேலை நின்றது. என்னைப் போகச் சொல்லிவிடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "போயி? வேற எவன் பட்டறையிலயாவது உப்புத் தண்ணியில முக்கவா?" என்றார். ஆனால் அதன் பிறகு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். மற்ற மூன்று பேரிடமும் "தண்ணி?" என்பார். என்னிடம் வரும்போது பேசாமல் எழுந்துபோய், நான் நனைத்த தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து முத்திரை குத்துவார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்படியே ஒரு வருஷம் போனது. ஒரு நாள் சுடலைமுத்து சார் சீருடையில் வந்தார். பழைய உறை விசாரணையில் போய்விட்டது. தன் செலவில் புதிதாக ஒன்று வேண்டும் என்றார். அண்ணாச்சி எங்களில் மூத்தவரைக் கைகாட்டினார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அவரே தைக்கட்டும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த உறைக்கு அடுத்த தெருக் குழாயில் நானே குடத்தோடு வரிசையில் நின்றேன். பெண்கள் கேலி செய்தார்கள். ஆற்றுத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்கா குடிக்கக் கொடுக்கப்போகிறாய் என்று ஒருத்தி கேட்டாள். மாட்டுக்குத்தான், அது தோலான பிறகு, கொஞ்சம் தாமதமாக என்றேன்.

அவர் வாங்க வந்த அன்று அண்ணாச்சி கட்டையை வைத்து உதறினார், உருவினார், மூன்று புள்ளியைப் பார்த்தார். தொட்டிப் பக்கம் எழுந்துபோவார் என்று ஒதுங்கி வழிவிட்டேன். அவர் எழவில்லை. முகத்தை நிமிர்த்தாமல் கேட்டார்.

"தண்ணி?"

"நல்ல தண்ணி, அண்ணாச்சி."

முத்திரையைக் குத்தி உறையை சாரிடம் நீட்டினார். சுடலைமுத்து சார் அதை வாங்கி மூடியைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவர் முன்னாலும் உறையின் ஓரத்தை வாய்க்குக் கொண்டுபோய் நாக்கில் வைத்தார். நிதானமாக, இரண்டு இடத்தில். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். சார் கைக்குட்டையால் துப்பாக்கியைத் துடைத்து, உறையில் வைத்துப் பூட்டி, "சரியா இருக்கு. வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணாச்சி என்னை நம்பியதும் சரி. சார் நம்பாததும் சரி. அடுத்த நாள் தோலை எடுத்தபோது என் கை தானாக வாய்க்குப் போனது. அதிலிருந்து இன்றுவரை அப்படித்தான்.

பிறகு பல வருஷம் பெல்ட் மாற்றவும் குமிழ் மாற்றவும் அவர் பட்டறைக்கு வந்துபோனார். மழை, தண்ணீர், ஏரல் வாழை என்று எவ்வளவோ பேசியிருக்கிறோம். என் மகள் பள்ளிக்கூடம் போனதையும், நர்சிங் படித்ததையும், அவளுக்கு நாசரேத்தில் கல்யாணம் ஆனதையும் ஒவ்வொன்றாக விசாரித்துக் கேட்டுக்கொண்டார். அவர் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.